பழைய பட்டறையின் சாவிக்கொத்து

கோவை கணபதியில் சத்தி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் ஒரு பட்டறை வரும். ஆறு லேத் (கடைசல் இயந்திரம்), கணினியால் இயங்கும் இரண்டு சிஎன்சி, பின்பக்கத் தகரக் கொட்டகையில் பெயின்ட் அடிக்கும் இடம். பம்பு கம்பெனிகளுக்கு இம்பெல்லரும் பம்பின் உடல் பாகமும் கடைந்து கொடுக்கிற ஜாப் ஒர்க். 1998இல் பழைய லேத் ஒன்றை வாடகை ஷெட்டில் போட்டுத் தொடங்கியவர், இன்று நாற்பது பேருக்குச் சம்பளம் கொடுக்கிறார். தோட்டத்து மோட்டாரைக் கைப்பேசியிலிருந்தே ஓட்டவும் நிறுத்தவும் உதவும் கருவியைச் செய்து விற்க வேண்டும் என்பது அவருடைய நான்கு ஆண்டு ஆசை. மாதிரிக் கருவி ஒன்று அவருடைய சொந்தக் கிணற்றில் இரண்டு கோடையைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. "எல்லாம் தயார், மேடம். நேரம்தான் கிடைக்கமாட்டேன் என்கிறது" என்றார்.

தொழில் நடத்துகிறவர்கள் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் போகும்போது கூட இருந்து பேசுவது என் வேலை. முதல் சந்திப்பை வேண்டுமென்றே அவருடைய அறையிலேயே வைத்துக்கொண்டேன். இரண்டு மணி நேரத்தில் பதினோரு முறை போன் அடித்தது. லேத்தில் மாட்டும் வெட்டுமுனையான இன்செர்ட் தீர்ந்துவிட்டது, எந்தக் கடையில் வாங்குவது? வாட்ச்மேன் முன்பணம் கேட்கிறார், கொடுக்கலாமா? ஒரு கம்பெனியிலிருந்து பீஸ் திரும்பி வந்திருக்கிறது, இறக்குவதா, வண்டியை நிறுத்தி வைப்பதா? எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். கடைசியாக ஒரு பையன் கதவருகே வந்து நின்றான். மாடி ஸ்டோர் ரூமைத் திறக்க வேண்டுமாம். மேசைமேல் கிடந்த பித்தளை வளையத்தில் இருபது சாவிகளாவது இருக்கும். அதைத் தூக்கி அவனிடம் கொடுத்திருக்கலாம். அவரே எழுந்து மாடிக்குப் போய்த் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

நேரம் ஏன் கிடைக்கவில்லை என்பது எனக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. புதிய தொழிலைத் தொடங்குவது கொங்கு நாட்டுக்காரருக்குக் கஷ்டமில்லை. பழைய தொழிலிலிருந்து முறையாகப் புறப்படுவதுதான் கஷ்டம். அதை யாரும் நமக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

பஸ்ஸை யார் பார்த்துக்கொண்டார்கள்?

இந்த மண்ணில் ஒரே தொழிலோடு நின்ற குடும்பங்கள் குறைவு. மலையின் மழைமறைவில் கிடக்கும் வானம் பார்த்த பூமி. பருத்தியோடு மாடு, மாட்டோடு வண்டி, வண்டியோடு வாடகை என்று வருமானத்தைப் பல இடத்தில் பிரித்து வைத்தவர்கள்தான் வறட்சியைத் தாண்டினார்கள். 1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸின் நூற்பாலை வந்தது. 1930களில் பைக்காராவிலிருந்து மின்சாரம் இறங்கியதும் ஆலைகள் வரிசையாக எழுந்தன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கிளை விடுகிற உழவர் பழக்கம் அப்படியே தொழிற்சாலைக்குள்ளும் நுழைந்தது.

ஜி.டி. நாயுடுவின் கதையை இங்கே குழந்தைகளுக்கும் தெரியும். கலங்கலில் பிறந்து, திருப்பூரில் பருத்தியிலிருந்து கொட்டை நீக்கும் ஜின்னிங் தொழிலில் சம்பாதித்து, பம்பாய்ப் பருத்தி வியாபாரத்தில் இழந்து, ஸ்டேன்ஸ் கைகொடுக்க 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கியவர். 1937இல் அவரும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து மின்மோட்டார் செய்தார்கள். இந்தியாவிலேயே உருவான முதல் மோட்டார் என்று அதைச் சொல்வார்கள். பாலசுந்தரம் நாயுடு பிறகு தனியே டெக்ஸ்டூல் நிறுவனத்தைத் தொடங்கினார். பொள்ளாச்சியில் நாச்சிமுத்து கவுண்டர் மாட்டுவண்டியில் ஆரம்பித்துப் பஸ்ஸுக்கு வந்தார். அவர் மகன் நா. மகாலிங்கம் 1961இல் சர்க்கரை ஆலைக்குப் போனார். உடுமலைப்பேட்டையில் சிறிய கோழிப்பண்ணையாக இருந்தது ஒப்பந்தக் கோழி வளர்ப்பாக மாறி, பல்லடம் வட்டாரத்தில் விசைத்தறி ஓட்டியவர்களின் தோட்டங்களிலும் கறிக்கோழிக் கொட்டகைகளை எழுப்பியது. திருச்செங்கோட்டு உழவர்கள் ஆழ்துளை போடும் ரிக் வண்டியோடு வடநாடு முழுக்கச் சுற்றினார்கள்.

பெருமையாகச் சொல்லப்படும் இந்த வரலாற்றில் ஒரு பக்கத்தை நாம் எப்போதும் புரட்டாமலே விட்டுவிடுகிறோம். பஸ் ஓட்டியவர் மோட்டார் செய்யப் போன நாள்களில் பஸ்ஸை யார் பார்த்துக்கொண்டார்கள்? பழுதான வண்டிக்கு நடுராத்திரியில் யார் ஆள் அனுப்பினார்கள்? யாரோ ஒரு மேனேஜர், ஒரு தம்பி, ஒரு மைத்துனர் இருந்திருப்பார். கைமாறிய அந்த நாளைப் பற்றி எந்த விழா மலரிலும் ஒரு பத்திகூட இருக்காது. தொடங்கிய கதை மட்டுமே எழுதப்படுவதால், விட்டுக்கொடுப்பதும் தொழிலின் ஒரு பகுதி என்பது அடுத்த தலைமுறைக்குத் தெரியாமலே போகிறது.

துரத்தப்பட்டு வெளியே வந்தவர்களும் இங்கே நிறையப் பேர் உண்டு. 1970களின் தொடக்கத்தில் பஸ் வழித்தடங்கள் அரசுடைமையானபோது தனியார் பஸ் முதலாளிகள் வேறு தொழில் தேடினார்கள். 2011 ஜனவரியில், கழிவுநீரை முழுமையாகச் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. திருப்பூரில் எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் அமைதியாயின. நொய்யலுக்கு அது வேண்டியிருந்தது. பட்டறைக்காரருக்கு அது இடி. ஆனால் அப்படி இழந்தவரிடம் ஊர் வந்து உட்கார்ந்து பேசியது, மாமன் மச்சான் கைமாற்றுக் கொடுத்தார்கள்.

நன்றாக ஓடுகிற தொழிலுக்குள் நின்று மூச்சு முட்டுகிறவருக்கு அந்த ஆறுதல் கிடையாது. லாபம் வருகிறது, கடன் ஒழுங்காகக் கட்டப்படுகிறது, ஆயுத பூஜைக்குப் பந்தல் போடுகிறார். அவரே ஒரு நாள் "இது எனக்குப் போதவில்லை" என்றால் வீட்டில் திகைக்கிறார்கள். "ஓடுகிற தொழிலை எதற்கப்பா விடுகிறாய்?" என்று அம்மா கேட்பார். நியாயமான கேள்வி. அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாததால், பலர் அந்த எண்ணத்தையே வெளியே சொல்லாமல் பத்து வருடம் சுமக்கிறார்கள்.

எது எதை மீறி வளர்ந்திருக்கிறது?

வருகிறவரிடம் நான் முதலில் பிரித்துப் பார்ப்பது இதைத்தான். தொழில் ஆளை மீறி வளர்ந்திருக்கலாம். ஆள் தொழிலை மீறி வளர்ந்திருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே தெரியும். எரிச்சல், தூக்கமின்மை, "வேறு ஏதாவது செய்யலாம்" என்ற பேச்சு இரண்டிலும் இருக்கும்.

தொழில் ஆளை மீறி வளர்ந்திருந்தால், பெரிய ஆர்டர் வரும்போது அவருக்குப் பயம் வரும். ஐந்து பேர் இருந்தபோது செய்த கணக்கு ஐம்பது பேருக்குச் சரிவராது. ஏற்றுமதிக்காரரின் ஆடிட் கேள்விகளுக்குப் பதில் தெரியாது. அவருக்குத் தேவை புதிய தொழில் கிடையாது. நல்ல கணக்கரும் உற்பத்தி மேலாளரும் தேவை, கொஞ்சம் படிப்பு தேவை. அவரை இரண்டாவது தொழிலுக்குத் தட்டிக்கொடுத்து அனுப்பினால், அதே ஓட்டையை அங்கேயும் கொண்டுபோவார்.

ஆள் தொழிலை மீறி வளர்ந்திருந்தால் அறிகுறி வேறு. பெரிய ஆர்டர் வரும்போது பயம் வராது, சலிப்பு வரும். கணபதிக்காரர் ஒரு வாக்கியம் சொன்னார்: "காஸ்டிங்கை, அதாவது வார்ப்பை, பார்த்தவுடன் எத்தனை நிமிடம், என்ன ரேட் என்று தெரிந்துவிடுகிறது. பார்க்காமலே தெரிந்துவிடுகிறது." இருபத்தைந்து ஆண்டு உழைப்பில் வந்த கைத்திறன் அது. அதே கைத்திறன்தான் இப்போது அவரைத் தூங்கவைக்கிறது. அவருடைய மாதிரிக் கருவியைப் பற்றிக் கேட்டேன். உட்கார்ந்திருந்தவர் எழுந்துவிட்டார், வெள்ளைத்தாள் தேடி வரைய ஆரம்பித்துவிட்டார். அந்த இருபது நிமிடம் மட்டும் போனை எடுக்கவில்லை.

இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க வெளியாள் ஒருவர் எதற்கு என்று கேட்பார்கள். கொங்கு நாட்டில் ஆலோசனைக்கு என்ன பஞ்சம்? ஆடிட்டர் இருக்கிறார், வங்கி மேலாளர் இருக்கிறார், மாமனார் இருக்கிறார், ஜாதகம் பார்ப்பவரும் இருக்கிறார். நான் பல ஆண்டுகள் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்தவள். அந்த ஆலோசனையின் மதிப்பு எனக்குத் தெரியும். ஆனால் சொல்கிறவர் ஒவ்வொருவருக்கும் முதல் தொழிலில் ஏதோ ஒரு பிடி இருக்கிறது. வங்கிக்குத் தன் கடன் பத்திரமாக இருக்க வேண்டும். மாமனாருக்கு மகளின் நிம்மதி. ஆடிட்டருக்குப் பழைய கோப்பு குழப்பமில்லாமல் ஓட வேண்டும். தவறில்லை, அவரவர் பொறுப்பு அது. தொழில் தொடர்ந்தாலும் நின்றாலும் தனக்கு எதுவும் கூடவோ குறையவோ செய்யாத ஒருவர் எதிரில் உட்கார்ந்தால் மட்டுமே சில கேள்விகள் வாயிலிருந்து வரும்.

இந்த வேலைக்குக் கோச்சிங் என்று பெயர். ஹங்கேரியில் கோச் என்ற ஊரில் செய்த குதிரைவண்டிக்கு அந்த ஊரின் பெயரே நிலைத்தது. நம் ஊர்க் கோச்சு வண்டியும் அந்தச் சொல்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆக்ஸ்போர்டு மாணவர்கள், தேர்வைக் கடக்க உதவும் ஆசிரியரை வேடிக்கையாகக் 'கோச்' என்று அழைக்க ஆரம்பித்தார்கள். அங்கிருந்து விளையாட்டுக்கும், 1990களில் தொழிலுக்கும் வந்தது. பயிற்சியாளர்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பு 1995இல் தொடங்கியது. எனக்கு அந்த வண்டி உவமை பிடிக்கும். எங்கே போக வேண்டும் என்பதை ஏறியவர் சொல்ல வேண்டும். வண்டி அவரை இறக்கிவிட்டுத் திரும்பிவிடும்.

திருப்பூரின் ஒரு சனிக்கிழமை

இந்த வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு தோல்வி. அதை மறைத்துவிட்டு இந்தக் கட்டுரையை எழுதக் கூடாது.

திருப்பூரில் பவர் டேபிள் யூனிட் நடத்தியவர் ஒருவர். பனியன் கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுக்கும் வேலை. சொந்தமாகக் குழந்தைகள் உடுப்பு செய்து விற்க ஆசைப்பட்டார். ஆள் தொழிலை மீறி வளர்ந்தவர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தினசரி வேலைகளை எல்லாம் பட்டியலிட்டோம், ஒரு மேனேஜரைப் பழக்கினோம், ஆறு மாதத்தில் அவர் புதிய இடத்துக்குப் போனார். எல்லாம் தாளில் எழுதியபடி நடந்தது.

திருப்பூரில் சம்பளம் வாரச் சம்பளம், சனிக்கிழமை மாலை. ஒரு சனிக்கிழமை, வர வேண்டிய கம்பெனிப் பணம் வரவில்லை. மேனேஜர் நேர்மையானவர். "திங்கட்கிழமை தருகிறோம்" என்று உள்ளதைச் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை காலையில் பாதி மெஷின் காலியாகக் கிடந்தது. தையல்காரர்கள் பக்கத்துச் சந்தில் வேறு யூனிட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். தேதி தவறி டெலிவரி கொடுத்ததால் ஒரு பெரிய வாடிக்கையாளரும் போனார். நான்கு மாதத்தில் யூனிட்டை மூட வேண்டியதாயிற்று. பழையது விழுந்ததில் புதியதற்கு வைத்திருந்த பணமும் கரைந்தது.

பிறகு உட்கார்ந்து பேசியபோதுதான் தெரிந்தது. முந்தைய பதினைந்து வருடத்திலும் பணம் வராத சனிக்கிழமைகள் நிறைய இருந்திருக்கின்றன. அப்போதெல்லாம் அவர் நூல் கடைக்காரரிடமோ பைனான்ஸ் நடத்தும் பங்காளியிடமோ மதியம் மூன்று மணிக்குப் போய் நிற்பார். துண்டுச்சீட்டுகூட எழுதாமல் பணம் வரும், புதன்கிழமை திரும்பிப் போகும். அவருக்கு அது ஒரு வேலையாகவே தோன்றியதில்லை, அதனால் பட்டியலில் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த யூனிட்டின் உண்மையான முதலே அவருடைய முகம்தான். முகத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டோம், மெஷின்களை மட்டும் மேனேஜரிடம் விட்டோம்.

இந்த வட்டாரத்தின் தொழில்கள் பெரும்பாலும் இப்படித்தான் நிற்கின்றன. அன்றாட நடைமுறை பேரேட்டில் இல்லை, சொல்லில் இருக்கிறது. வார்ப்படக்காரர் தொண்ணூறு நாள் கடனுக்குக் காஸ்டிங் கொடுப்பது உரிமையாளரின் அப்பாவைத் தெரியும் என்பதற்காக. லாரி புக்கிங் ஆபீஸ் ஒரு போனில் வண்டி அனுப்புவது, போன வருடம் ஊர் நோம்பியில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டதற்காக. இந்த உறவை மேனேஜருக்கு மின்னஞ்சலில் மாற்றிக் கொடுக்க முடியாது. கூட அழைத்துப்போக வேண்டும். ஒன்றுக்கு நான்கு முறை அழைத்துப்போய், "இனிமேல் இவர் சொன்னால் நான் சொன்ன மாதிரி" என்று எதிரிலேயே சொல்ல வேண்டும். பிறகு ஒரு முறை அவர் தனியாகப் போய்க் கடன் கேட்டு, வாங்கி, குறித்த நாளில் திருப்பிக் கொடுக்க வேண்டும். கணபதிக்காரருக்கு இதற்கு மட்டும் எட்டு மாதம் பிடித்தது. அவசரப்படுத்த எனக்கு மனம் வரவில்லை.

கையெழுத்து எங்கெங்கே கிடக்கிறது

சொல்லுக்கு அடுத்தது கையெழுத்து. இதில் உணர்ச்சிக்கு இடமில்லை, சட்டம்தான் பேசும். "நான் ஒதுங்கிவிட்டேன், தம்பிதான் பார்க்கிறான்" என்று சொல்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சட்டப்படி ஒதுங்கியே இருக்கமாட்டார்கள்.

கூட்டாண்மை நிறுவனமாக இருந்தால் 1932ஆம் ஆண்டின் சட்டம் பொருந்தும். விலகும் பங்குதாரர் பொது அறிவிப்புக் கொடுக்கும்வரை, வெளியாருக்கு அவரும் பொறுப்பாளிதான். பதிவான நிறுவனம் என்றால், பதிவாளருக்குத் தெரிவித்து, அரசிதழிலும் அந்த மாவட்டத்தில் விற்பனையாகும் ஒரு தமிழ் நாளிதழிலும் அறிவிப்பு வர வேண்டும். நாளிதழின் உள்பக்கத்தில் சின்ன எழுத்தில் வரும் அந்த அறிவிப்புகளைச் சும்மா புரட்டிவிட்டுப் போகிறோம். ஒருவருடைய வீட்டைக் காப்பாற்றுவது அதுவாக இருக்கலாம்.

தனியார் கம்பெனி என்றால் இயக்குநர் பதவியிலிருந்து விலகுவது சுலபம். ஆனால் விலகல் கடிதம் ஜாமீனைத் தொடாது. ஓவர் டிராப்ட் வாங்கிய நாளில் வங்கியில் போட்ட தனிநபர் உத்தரவாதம் பதவி போனாலும் நிற்கும். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி, கடன் வாங்கியவரின் பொறுப்பு எவ்வளவோ அவ்வளவும் ஜாமீன்தாரருடையதுதான். தொடர் உத்தரவாதத்தை எதிர்காலக் கடன்களைப் பொறுத்தமட்டில் அறிவிப்புக் கொடுத்து நிறுத்த அதே சட்டம் வழி வைத்திருக்கிறது. நடைமுறையில் வங்கி தன் பத்திரத்தை எடுத்துக் காட்டும், மாற்று ஜாமீன் கேட்கும், கடன் வரம்பான லிமிட்டைக் குறைப்பேன் என்னும். ஆகவே இந்தப் பேச்சை விலகும் மாதத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது. லிமிட் புதுப்பிக்கும் வேளையில், நிறுவனத்தின் கணக்கு நன்றாக இருக்கும்போது வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் புதிய தொழிலுக்குக் கடன் கேட்டுப் போனபோது, பழைய ஜாமீன் அவருடைய கடன் அறிக்கையில் முழுத்தொகையோடு நின்றது. ஊரில் அப்பிச்சி (அம்மாவின் அப்பா) கட்டிய வீட்டின் பத்திரமும் அந்தப் பழைய லிமிட்டுக்கு உள்ளே இருந்தது. அவர் அதை மறந்தே போயிருந்தார்.

இன்னொன்று, பழைய தொழிலின் பணத்தில் புதியதை நடத்துவது. இங்கே அது இயல்பாக நடக்கும். ஒரு பாக்கெட்டிலிருந்து இன்னொரு பாக்கெட்டுக்கு மாற்றுவதாகவே நினைப்போம். சட்டம் அப்படி நினைக்கவில்லை. நெருங்கியவர்களின் கைக்குள் இருக்கும் கம்பெனி, பத்து சதவிகிதத்துக்குக் குறையாமல் ஓட்டுரிமை வைத்திருக்கும் பங்குதாரருக்கோ, அவருக்குக் கணிசமான பங்குள்ள மற்றொரு நிறுவனத்துக்கோ கடன் கொடுத்தால், சேர்ந்திருக்கும் லாபத்தின் அளவுக்கு அதை டிவிடெண்டாகக் கருதி வரி போட முடியும். இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பணம் ஓசைப்படாமல் போய்க்கொண்டே இருந்தால் புதியது உண்மையில் நிற்கிறதா என்பது யாருக்கும் தெரியாது. தொகையையும் காலத்தையும் எழுதிவைக்கச் சொல்வேன். இவ்வளவு ரூபாய், இத்தனை மாதம், அதற்குமேல் மறுபடி குடும்பம் கூடி உட்கார்ந்து பேசிய பிறகுதான்.

மூன்றாவது சந்திப்பில் பேசியவர்

கணபதிப் பட்டறையின் கணக்கை ஆரம்ப நாளிலிருந்து பார்ப்பவர் அவருடைய மனைவி. முதல் லேத் வாங்கியது அவருடைய நகையை அடகு வைத்துத்தான். இரண்டு சந்திப்புகளில் காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். மூன்றாவது முறை நான் அவரையும் உட்காரச் சொன்னேன். சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இவர் புதிதாக ஒன்று தொடங்கினால் எனக்கு இரண்டு பேரேடு. அதை இதுவரை யாராவது கேட்டீர்களா?" என்றார்.

அறை அமைதியானது. பிறகு அவரே பேசினார். எந்தக் கம்பெனி எந்தத் தேதியில் பணம் போடும், எந்த வாடிக்கையாளர் வேலையில் உண்மையில் லாபமே இல்லை, ஆபரேட்டர்களில் யார் போய்விடும் மனநிலையில் இருக்கிறார்கள் என்பதெல்லாம் அவர் விரல்நுனியில் இருந்தது. அண்ணன் மகன் டிப்ளமோ முடித்து மூன்று வருடமாக அங்கேயே வேலை பார்க்கிறான்; ஷாப் ஃப்ளோர் அவனுக்குப் பிடிபட்டுவிட்டது, சித்தப்பாதான் விடுவதில்லை. நானும் அவருடைய கணவரும் ஐந்து வாரமாக வெளியில் மேனேஜர் தேடுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

கொங்குச் சிறுதொழில்களில் இது அபூர்வமான காட்சி இல்லை. வரி, வங்கி வசதிக்காக மனைவி பெயரைப் பங்குதாரராகப் போட்டிருப்பார்கள், கையெழுத்தும் வாங்குவார்கள், முடிவு எடுக்கும்போது மட்டும் அடுக்களையில் விட்டுவிடுவார்கள். தொழிலை யாரிடம் ஒப்படைப்பது என்று ஊரெல்லாம் தேடுகிற பேச்சில், அந்தத் தொழிலை உள்ளேயிருந்து தெரிந்த ஆள் விடுபட்டுப்போவது எனக்குத் தாங்கவே முடியாத விஷயம். அவர்கள் வீட்டில் புதிய கூட்டாண்மைப் பத்திரம் எழுதினார்கள். மனைவிக்கு நிர்வாகப் பங்குதாரர் பொறுப்பும் மாதச் சம்பளமும், அண்ணன் மகனுக்கு உற்பத்தியும் சிறு பங்கும். பேரேடு எழுத ஒரு பெண்ணை வேலைக்கு வைத்தார்கள். கணபதிக்காரர் தன் பங்கை வைத்துக்கொண்டார். அதனால் பொறுப்பும் தொடரும் என்பதைத் தெரிந்தே வைத்துக்கொண்டார். சாவி வளையத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி, எது எந்தப் பூட்டுக்கு என்று நூலில் சீட்டு கட்டியது அந்த அம்மாதான். நான்கு சாவிகளுக்குப் பூட்டே கிடைக்கவில்லை.

மறுபடி புதியவராக

புதிய தொழிலில் நுழையும்போது கணபதிக்காரருக்கு வேறு வகையான சிரமம். அங்கே அவர் யாருமில்லை. டாடாபாத்தில் ஒரு மாடி அறை, நான்கு மேசை, இரண்டு இளம் பொறியாளர்கள். பட்டறைக்குள் நுழைந்தால் மெஷின் சத்தத்திலேயே எது சரியில்லை என்று கண்டுபிடிப்பவர், இங்கே திரையில் ஓடும் எழுத்துகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல் மாதம் மின்விசிறியையும் விளக்கையும் அணைத்துக்கொண்டே இருந்தாராம். தெரிந்த வேலை அது ஒன்றுதான் என்று சொன்னபோது கண் கலங்கியிருந்தது.

ஆனால் அந்த இளைஞர்களுக்குத் தெரியாத ஒன்று அவருக்குத் தெரியும். தமிழ்நாட்டில் விவசாயத்துக்கு 1990 முதல் இலவச மின்சாரம். ஆனால் மும்முனை மின்சாரம் முறை வைத்து வந்த காலத்தில், ராத்திரி கரண்ட் வந்தால் எழுந்து டார்ச்சோடு கிணற்றுக்குப் போக வேண்டும். பாம்புக்கும் பயப்பட வேண்டும், கரண்டுக்கும் பயப்பட வேண்டும். அவருடைய அப்பா அப்படிப் போனவர். தோட்டத்து வீடான சாளையிலிருந்து கிணறுவரை நடந்த அந்தத் தூரம்தான் இந்தக் கருவிக்குக் காரணம். வாங்குகிறவர் என்ன கேட்பார், ஒரு ஃபேஸ் போனால் மோட்டார் எப்படிப் புகையும், வைண்டிங் கட்டச் சொன்னால் எத்தனை நாள் பயிர் காயும் என்பதெல்லாம் அவருக்குள் இருக்கிறது. பழைய தொழிலிலிருந்து அவர் எடுத்துவர வேண்டியது இந்த அறிவை.

எடுத்துவரக் கூடாதவையும் உண்டு. ஜாப் ஒர்க்கில் ரேட் நிமிடக் கணக்கில் போடுவது. அந்தப் பழக்கத்தில் கருவிக்கும் உதிரிபாக விலையோடு கூலி சேர்த்து விலை வைத்தார். சிம் கார்டு செலவு, ராத்திரி பத்து மணிக்குத் தோட்டத்திலிருந்து வரும் போனுக்குப் பதில் சொல்ல ஆள், கருவியை மாற்றிக் கொடுக்கும் செலவு எதுவும் அந்த விலைக்குள் இல்லை. இரண்டாவது, பட்டறையில் பிடித்தமான இரண்டு பேரைக் கூடவே அழைத்துவரத் துடித்தார். வேண்டாம் என்று உறுதியாகச் சொன்ன ஒரே இடம் அதுதான். அழைத்து வந்திருந்தால் பழைய இடம் ஆடியிருக்கும், புதிய இடம் பழையதாகியிருக்கும்.

தொண்ணூறு நாள் கடன் பழக்கத்தையும் அங்கேயே விடச் சொன்னேன். குறு, சிறு நிறுவனமாகப் பதிவு செய்த உற்பத்தியாளருக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டுச் சட்டம். 2023–24ஆம் நிதியாண்டு முதல், அந்தக் கெடுவுக்குள் பணம் கொடுக்காத வாங்குநர், உண்மையில் கொடுக்கும் ஆண்டில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும். தெரிந்த பம்பு கம்பெனிகளிடம் சட்டம் பேசுவதற்கு அவருக்குக் கூச்சம். "பேச வேண்டாம், முதல் பில்லிலேயே 45 நாள் என்று அச்சடியுங்கள்" என்றேன். அச்சடித்தார். இருவர் முணுமுணுத்தார்கள், கொடுத்தார்கள்.

போன மாதம் அவர் கூப்பிட்டார். இப்போதெல்லாம் மேடம் போய் அக்கா ஆகிவிட்டது. பட்டறையில் இருபது வருடமாக காஸ்டிங் கொடுத்த வார்ப்படக்காரரை மாற்றிவிட்டார்களாம். அண்ணன் மகன் கணக்குக் காட்டியிருக்கிறான், வீட்டம்மா ஒப்புக்கொண்டிருக்கிறார், இவருக்குத் தகவல் மட்டும் வந்திருக்கிறது. அந்த வார்ப்படக்காரரே போன் போட்டுக் குறைபட்டபோது இவருக்குப் பொறுக்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு டாடாபாத்திலிருந்து கிளம்பிவிட்டார்.

"டெக்ஸ்டூல் பாலம் ஏறிவிட்டேன், அக்கா. இறங்கினால் கணபதி. பாலத்துக்குக் கீழே வண்டியை ஓரம் கட்டி ஒரு டீ குடித்தேன். குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்."

"வீட்டில் என்ன சொன்னீர்கள்?"

"ஒன்றும் சொல்லவில்லை. அந்த அண்ணனைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போகிறேன். இருபது வருடப் பழக்கம், அதற்கும் காஸ்டிங்குக்கும் சம்பந்தமில்லை அல்லவா?"